மெஷின் வாங்கட்டுமா, பிலோமி?

தொடுபுழா
4 ஜூலை 1999

பிரியமுள்ள பிலோமிக்கு,

ஈசோவுக்கு ஸ்துதி. நீயும் பேபிச்சனும் மஸ்கட்டில் சுகம்தானே? வெயில் எப்படி? நாங்கள் புருஷனும் பெண்டாட்டியும், வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இச்சாயனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. "தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும் குரியாச்சா. இல்லேன்னா மாத்திரை கூடிக்கிட்டே போகும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? ரப்பர் மரத்துக்கே மழைக்காகப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டிருக்கிறோம். வாசற்படியை விட்டு இறங்கினால் காலெல்லாம் அட்டை.

மத்தியானம் டிவியில் ஒரு விளம்பரம் காட்டுகிறார்கள், பார்த்திருப்பாய். வீட்டுக்குள்ளேயே நடக்கிற மெஷின். ஒரு வெள்ளைக்காரி ஓடு ஓடென்று ஓடுகிறாள், நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. இச்சாயனிடம் சொன்னதற்கு, "நின்ன எடத்துலயே ஓடுறதுக்குக் காசா? செக்கு மாடு கேட்டா சிரிக்கும்டி" என்கிறார். நீ அந்த மாதிரி சாமான் விற்கிற கடையில்தானே ஏழு வருஷமாக நிற்கிறாய். உண்மையைச் சொல்லு. வாங்கினால் பிரயோஜனம் உண்டா? வாங்கட்டுமா?

முன்னறையில் உன் மெடல் அலமாரிக்கு எதிரே இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன்.

பதில் உடனே போடு. பேபிச்சனுக்கு எங்கள் அன்பு.

உன் சேச்சி,
த்ரேசியாம்மா

பின்குறிப்பு: எழுத மறந்தே போனேன். நமக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்த தங்கச்சன் சார் வந்திருந்தார். ஜனவரியில் கோட்டயத்தில் மூத்தோர் ஓட்டப் போட்டியாம். நாற்பது முதல் நாற்பத்துநாலு வயதுவரை உள்ள பெண்களுக்கு நானூறு மீட்டர். "உன் பேரை எழுதிட்டேன் த்ரேசி" என்கிறார்! எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது. அப்புறம் பழைய பாட்டு: "பிலோமி வாங்கினதெல்லாம் உனக்கு வரவேண்டியது. நடுவுல கல்யாணம் வந்து கெடுத்துச்சு." நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. வயதாகிவிட்டது அவருக்கு.


மஸ்கட்
25 ஜூலை 1999

அன்புள்ள சேச்சிக்கு,

கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆயிற்று. கடையில் சரக்கு வந்து இறங்கியதால் பேனா எடுக்க நேரமில்லை. நாங்கள் இங்கே சுகம். சேட்டனின் சர்க்கரையை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். மரச்சீனிக் கிழங்கையும்.

மெஷினைப் பற்றி: வேண்டாம் சேச்சி. வாங்கவே வாங்காதீர்கள். முதல் மாதம் வீடே அதைச் சுற்றி வரும். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருநாள். மூன்றாம் மாதத்திலிருந்து அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு காயும். இங்கே எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன். நம்மூர் வோல்டேஜுக்கு அது சரிப்பட்டும் வராது. சேட்டன் நடக்கத்தானே? சர்ச் மண்டபத்துக்குள் பத்து சுற்று நடந்தால் தீர்ந்தது.

சும்மா கேட்கிறேன், சார் உண்மையிலேயே பெயரை எழுதிவிட்டாரா? எந்தத் தேதியில் போட்டி?

சேட்டனிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
பிலோமினா


தொடுபுழா
8 ஆகஸ்ட் 1999

பிலோமிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று தெரிகிறது. போன வாரம் நீ அனுப்பிய போட்டோ வந்தது. நாற்பத்தொரு வயதில் இடுப்பு இப்படி இருக்குமா ஒருத்திக்கு? அடுத்த வீட்டு ஏலியாம்மா பார்த்துவிட்டு, "இது உன் மகளா?" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள். அன்று சாயங்காலம் வரை எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அரபிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நாள் முழுக்க அதே மெஷினை நீ விற்கிறாய். அவர்களிடம் "வேண்டாம், துண்டு காயப் போடத்தான் ஆகும்" என்று சொல்வாயா? சொன்னால் முதலாளி உன்னை வைத்திருப்பாரா? சொந்த சேச்சி கேட்டால் மட்டும் வேண்டாம். ஏன்?

இந்த வீடு என் பேருக்கு வந்தது, இச்சாயன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார், எல்லாம் சரி. ஆனால் உன் மெடல் பதினொன்றையும் தினமும் துடைக்கிறவள் யார்? நான். என்னுடையது ஒன்றே ஒன்று, எழுபத்தைந்தில் கொடுத்த சில்வர் டம்ளர். அதிலும் பல்பொடியைப் போட்டு வைத்திருக்கிறார் இச்சாயன். அன்றைக்கு முதலாவதாக வந்தவள் நான், இரண்டாவது நீ. அடுத்த மாதமே என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மெடல் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. இதை நான் எப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறேனா?

இப்போது சொல்லிவிட்டேன். பேனா கையில் இருந்தால் இப்படித்தான். கிழிக்கவும் மனம் வரவில்லை, இன்லண்ட் லெட்டர் மாதிரி இல்லை, வெளிநாட்டுக்கு ஆகும் காசுக்குத் தபால்தலை ஒட்டிவிட்டேன்.

போட்டி ஜனவரி 22. நான் போகப்போவதில்லை.

பேபிச்சனை விசாரித்ததாகச் சொல்.

த்ரேசியாம்மா


மஸ்கட்
29 ஆகஸ்ட் 1999

அன்புள்ள சேச்சிக்கு,

சுகம். அங்கே மழை விட்டதா?

மெஷின் உங்கள் விருப்பம். வேண்டும் என்றால் வாங்குங்கள். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

எனக்கு ஜனவரியில் ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. தங்கச்சன் சாருக்கு ஃபோன் செய்தேன். என் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் நாற்பத்தொன்று ஆகிறதல்லவா. சும்மா ஒரு தமாஷுக்கு.

பிலோமினா


தொடுபுழா
10 அக்டோபர் 1999

பிரியமுள்ள பிலோமிக்கு,

ஈசோவுக்கு ஸ்துதி. பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. ரப்பர் பால் எடுக்கிற காலம், உனக்கே தெரியும். நாங்கள் நலம்.

மெஷின் வாங்கிவிட்டேன். மூவாற்றுபுழாவில் குவைத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பம், ஆறு மாதம்தான் உபயோகித்ததாம். எட்டு பேர் சேர்ந்து ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். ஊரே வேலியில் நின்று பார்த்தது. "என்னத்துக்கு த்ரேசியாம்மே, மிக்ஸியா கிரைண்டரா?" என்று கேட்டாள் ஏலியாம்மா. இச்சாயனுக்கு என்றேன். இச்சாயன் இரண்டு நாள் ஏறினார். மூன்றாம் நாள் "எனக்குத் தலை சுத்துதுடி, பூமி என்னை விட்டுட்டு ஓடுது" என்று இறங்கியவர்தான். இப்போது கடைத்தெரு வரை நடக்கிறார், திரும்பும்போது பரோட்டா தின்றுவிட்டு வருகிறார்.

சரி, வாங்கிய சாமான் சும்மா கிடக்கலாமா? நான் ஏறினேன். வீட்டுக்குள்ளே என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் பார். நாற்பத்துமூன்று வயதில் ஒரு பொம்பளை ரோட்டில் ஓடினால், ஒன்று நாய் துரத்துகிறது என்பார்கள், இல்லையென்றால் புருஷன் துரத்துகிறான் என்பார்கள். முதல் பத்து நாள் நன்றாகவே போனது. காலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது பிலோமி! நான்தான் மறந்துபோயிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி கரண்ட் கட்டை மறந்து ஓடிக்கொண்டிருந்தேன். மெஷின் பொசுக்கென்று நின்றது. நான் நிற்கவில்லை. நேரே உன் அலமாரியில் போய் மோதினேன். கண்ணாடி தப்பித்தது. கதவு திறந்து உன் மெடல் எல்லாம் தரையில். மெழுகுவர்த்தி வைத்துப் பொறுக்கினேன், பத்துதான் இருந்தது. அந்த ஒன்று தொலைந்தே போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மாதா சத்தியமாக நினைத்தேன். அப்புறம் அது சோபாவுக்கு அடியில் கிடைத்தது. துடைத்து வைத்துவிட்டேன்.

நீ பேர் கொடுத்தது நல்லது. ஊர்க்காரர்களுக்கு உன்னைப் பார்த்த மாதிரியும் ஆகும்.

எழுது. பேபிச்சனுக்கு நெஞ்செரிச்சல் குறைந்ததா?

சேச்சி


மஸ்கட்
30 அக்டோபர் 1999

என் அன்பு சேச்சிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நானும் பேபிச்சனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடி பட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லையே? முழங்கை, நெற்றி எல்லாம் சரியாக இருக்கிறதா? பேபிச்சனுக்கு நெஞ்செரிச்சல் பரவாயில்லை.

தினம் எத்தனை நிமிஷம் ஓடுகிறீர்கள் சேச்சி? எத்தனையாம் நம்பர் வேகத்தில்? மூச்சு வாங்குகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். ஜாஸ்தி வேண்டாம், இந்த வயதில் சதை பிடித்துக்கொண்டால் வம்பு. பாதி வேகமே போதும்.

என்னைக் கேட்காதீர்கள். காலையில் ஒன்பது மணிக்குக் கடையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் நிற்கிறேன். ஓட்டமாவது ஒன்றாவது? இங்கே வெயிலில் பூனைகூட ஓடாது. கோட்டயத்தில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன், நீங்கள்தான் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு நைட்டித் துணி எடுத்து வைத்திருக்கிறேன். நீல நிறம்.

முத்தங்களுடன்,
பிலோமி


தொடுபுழா
21 நவம்பர் 1999

பிலோமிக்கு,

இறைவன் கிருபையால் சுகம். உனக்கும் அவ்வாறே ஆகட்டும்.

நீ ஜூலையில் சொன்னதுதான் நடந்தது. ஆனால் துண்டு இல்லை, ரப்பர் ஷீட். வெளியே விடாத தூறல், ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் இடமில்லை. ஒரு நாள் குளித்துவிட்டு வருகிறேன், மெஷினின் இரண்டு கைப்பிடியிலும் இச்சாயன் வரிசையாக ஷீட் தொங்கவிட்டிருக்கிறார். "வாங்கினதுக்கு இப்பத்தான் ஒரு உபயோகம் ஆச்சு" என்று சிரிக்கிறார். முன்னறை முழுக்க நாற்றம். கத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வோல்டேஜும் இல்லை, பட்டை ஆமை மாதிரி நகர்கிறது.

எனவே ஓட்டம் எல்லாம் முடிந்தது. இப்போது தினமும் விடியற்காலைப் பூசைக்கு, முதல் குர்பானாவுக்குப் போகிறேன். ஒரு வேண்டுதல், நேர்ச்சை. நேற்று சர்ச் விகாரியச்சன் கூப்பிட்டு, "த்ரேசியாம்மே, கடவுள் கிட்ட வர்றது சந்தோஷம். ஆனா கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு, பாவாடை நிறையப் புல்லு ஒட்டிக்கிட்டு வர்றியே, எந்தப் புண்ணியவாளன் சொன்ன நேர்ச்சை இது?" என்று கேட்டார். சர்ச் பள்ளிக்கூட மைதானம் வழியாகக் குறுக்கே வருகிறேன், பனி அதிகம் என்று சொன்னேன். பொய் இல்லை அது. குறுக்கே எத்தனை தடவை வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

நீ எந்தத் தேதியில் வந்து இறங்குகிறாய்? பலாச்சக்கை வறுவல் செய்து வைக்கிறேன்.

சேச்சி


மஸ்கட்
12 டிசம்பர் 1999

அன்புள்ள சேச்சிக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். சேட்டனுக்கும் சொல்லுங்கள், கேக்கைக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் ஜனவரி 8 காலையில் கொச்சியில் இறங்குகிறோம்.

மெஷின் மூலைக்குப் போனது என்று படித்ததும் நான் அப்போதே சொன்னேனே என்று தோன்றியது. போகட்டும், மனம் வருத்தப்படாதீர்கள்.

இங்கே கடையில் ஒரு கூத்து. வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வைத்திருக்கிற மெஷினின் மீட்டரை முதலாளி தற்செயலாகப் பார்த்துவிட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்! "இதுல ஏறி யாரு சலாலாவுக்குப் போயிட்டு வந்தது?" என்று சத்தம் போட்டார். வருகிறவர்கள் எல்லாம் ஏறிப் பார்க்கிறார்கள் முதலாளி, நான் என்ன செய்ய என்றேன். மத்தியானம் ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும், ஏ.சி. மட்டும் ஓடும், சாவி என்னிடம்தான் இருக்கும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மற்றவை நேரில்.

பிலோமி


தொடுபுழா
6 பிப்ரவரி 2000

பிலோமிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று பேபிச்சன் ஃபோன் செய்தார். சந்தோஷம். இங்கே உடம்புக்குக் குறைவில்லை. மனதுக்குத்தான் ஆகவில்லை.

மூன்று வாரம் என் வீட்டில் இருந்தாய். என் கையால் சாப்பிட்டாய். கோட்டயத்தில் நடந்ததைப் பற்றி நாம் இருவரும் வாயே திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்றாம் கோடு, உனக்கு ஐந்தாம் கோடு. வளைவுக்காக உன்னை முன்னால் நிறுத்தியிருந்தார்கள், அதனால் ஆரம்பத்திலிருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். இருபத்துநாலு வருஷமாகப் பார்க்கிற முதுகுதானே. கடைசி வளைவு திரும்பும்போதும் நீதான் முன்னால். சரி, தீர்ந்தது, மெடல் அலமாரியில் பன்னிரண்டாவது என்று நினைத்தேன். அப்போது திடீரென்று உன் முதுகு பக்கத்தில் வந்தது. நான் வேகமாகப் போனதாகத் தெரியவில்லை. நீ பின்னால் வந்தாய். ஒரு கை நீளத்தில் நான் முதலாவது.

எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கு? "பார்த்தியா, பிலோமியோட மனசை! சேச்சி ஜெயிக்கட்டும்னு விட்டுக்குடுத்துட்டா" என்கிறாள் ஏலியாம்மா. இச்சாயனும் அதையே சொல்கிறார். அச்சன் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார், சகோதர ஸ்நேகமாம். தங்கச்சன் சார் ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். நீ என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாய். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் மெடலுக்காகவா ஓடினேன்? விடியலில் அந்தப் புல்லில் கால் வெடிக்க வெடிக்க ஓடியது எதற்கு? நம்மில் யார் வேகம் என்று ஒரு தடவை தெரிந்துவிட வேண்டும் என்றுதான். தோற்றிருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீ எனக்கு மெடலைப் போட்டுவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். இனி எனக்கு என்றைக்குமே தெரியாது. உனக்குப் பதினொன்று போதாதா? பிச்சை போட நான்தான் கிடைத்தேனா?

வேகத்தைக் குறைத்தாயா இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது.

த்ரேசியாம்மா


மஸ்கட்
27 பிப்ரவரி 2000

அன்புள்ள சேச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இங்கே குளிர் போய் வெயில் ஆரம்பித்துவிட்டது. கொடுத்துவிட்ட மிளகையும் சக்கை வறுவலையும் கடையில் எல்லோருக்கும் கொடுத்தேன். சேட்டனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?

நடந்தது நடந்துவிட்டது சேச்சி. ஊர் ஆயிரம் பேசும். மெடல் உங்கள் கழுத்தில்தானே இருக்கிறது? சந்தோஷமாக இருங்கள்.

பிலோமி


தொடுபுழா
12 மார்ச் 2000

பிலோமிக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. மீன், இறைச்சி இல்லை. இச்சாயனுக்குச் சர்க்கரை நூற்று அறுபது.

கேட்டதற்குப் பதில் வரவில்லை. பதில் இல்லை என்றால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். மெடலை அலமாரியில் வைக்கவில்லை. மெஷினின் கைப்பிடியில் ரப்பர் ஷீட்டோடு தொங்குகிறது. மெஷினை விற்கப் போகிறேன், வருகிறவனுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இனி நான் எழுதமாட்டேன். கையும் வலிக்கிறது.

த்ரேசியாம்மா


மஸ்கட்
16 ஏப்ரல் 2000
குருத்தோலை ஓசானா ஞாயிறு

என் சேச்சிக்கு,

ஈசோவுக்கு ஸ்துதி. சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இங்கே சர்ச்சில் ஈஸ்டருக்கு முன் பாவத்தைச் சொல்லக் கும்பசாரத்துக்குப் போனேன். அச்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஓட்டத்துல தோக்குறது பாவம் இல்லம்மா" என்று சிரித்தார். தோற்றது இல்லை அச்சா, அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டேன். இந்தக் கடிதம்தான் முடியாமல் இரண்டு நாளாகக் கிடக்கிறது.

சேச்சி, நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

முழு மூச்சோடு ஓடினேன். ஆகஸ்டிலிருந்து ஓடினேன். அந்த மீட்டரில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டும் என்னுடையது. உங்களிடம் வேண்டாம் என்று சொன்ன மெஷினில், ஏ.சி.யில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஓடியது. அது நேராகத்தான் ஓடும் சேச்சி, வளையாது. மண்ணை உதைக்கவும் வேண்டாம், பட்டையே காலை இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஊர்க்காரிகள் முன்னால் புல்லில் ஓட நீங்கள் துணியமாட்டீர்கள் என்று நினைத்தேன். கடைசி வளைவில் என் தொடை கல்லாகப் போனது. இடது காதில் உங்கள் மூச்சு கேட்டது. எழுபத்தைந்தில் கேட்ட அதே மூச்சு. எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்தில் கடைக்கு வந்த யாரிடமும் நான் வாங்க வேண்டாம் என்று சொன்னதில்லை. முழங்கால் போனவர்களிடமும், கட்டில் போடவே இடமில்லாதவர்களிடமும் "நல்ல சாமான், தைரியமா வாங்குங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று முதல்முதலாகச் சொன்னது உங்களிடம். சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை. சார் உங்கள் பெயரை எழுதினார் என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் மறுபடியும் ஓடிவிடக் கூடாது என்று இருந்தது.

எழுபத்தெட்டில் எனக்குச் சர்ச் மண்டபத்தில் மாலை போட்டார்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சில் இருந்தீர்கள். எனக்குப் பின்னால் நின்று தங்கச்சன் சார் யாரிடமோ சொன்னார்: "மூத்தவ ஓடியிருந்தா இவ ரெண்டாவதுதான்." மாலை கழுத்தில் இருக்கும்போதே கேட்டேன். அதற்கப்புறம் எந்த மெடல் வாங்கினாலும் எனக்கு முன்னால் நீங்கள் ஒரு எட்டு ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஓடாதவளை எப்படி ஜெயிப்பது, சொல்லுங்கள்? நீங்கள் என் மெடலைத் துடைத்தபடி பொறாமைப்பட்டீர்கள். நான் உங்கள் சில்வர் டம்ளரை நினைத்தே பொறாமைப்பட்டேன்.

கோட்டயத்தில் ஏலியாம்மா சேச்சி முதலில் அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மாதிரி தங்கச்சி யாருக்குக் கிடைப்பா" என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். மெடல் உங்களுக்கு, பெயர் எனக்கு. தோற்றதே யாருக்கும் தெரியாது. பிப்ரவரியில் உங்கள் கோபக் கடிதம் வந்தபோது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சேச்சிகூட நம்பிவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் அச்சனிடம் சொன்னேன்.

மெஷினை விற்பதானால் விற்றுவிடுங்கள். மெடலைக் கொடுக்காதீர்கள். ரப்பர் நாற்றம் போகக் கழுவி, என்னுடையவற்றுக்கெல்லாம் மேல் தட்டில் வையுங்கள். ஊரில் யார் கேட்டாலும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தங்கச்சன் சாரிடம் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் மறுபடியும் கும்பசாரத்துக்குப் போக வேண்டிவரும். அடுத்த ஜனவரிக்கும் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை இங்கே கடற்கரை மணலில், விடிவதற்குள், வளைந்து வளைந்து ஓடப் போகிறேன். சேட்டனுக்கு அன்பு.

இரண்டாவதாக வந்த தங்கை,
பிலோமி